வாய்வு என்றார்கள்

கழுத்து வலிக்கிறது என்று லண்டனில் ஒரு தமிழர் முன்னால் வாயைத் திறந்து பாருங்கள். அந்த நிமிடமே அவர் வைத்தியராகிவிடுவார். வைத்தியராகாதவர், தனக்கு அதைவிட மோசமாக வலித்த கதையைத் தொடங்கிவிடுவார். இரண்டு வருடத்துக்கு மேலாக என் கழுத்து இந்த இரண்டு கூட்டத்துக்கும் நல்ல பொழுதுபோக்காக இருந்தது.

வலி வலது பக்கத்தில். காதுக்குக் கீழே தொடங்கித் தோள்மூட்டு வரை ஒரு கம்பியை இழுத்துக் கட்டியது போல இருக்கும். காலையில் எழும்பினால் தலை நேரே மட்டும்தான் பார்க்கும். வலப்பக்கத்திலிருந்து யாராவது கூப்பிட்டால் நின்று, காலை மாற்றி வைத்து, முழு உடம்பையும் திருப்ப வேண்டும். குட்மேய்ஸ் கடைத்தெருவில் ஒருத்தி எனக்குக் கையசைத்தாளாம், நான் திரும்பவில்லையாம். "அவ இப்ப ஒருத்தரையும் கணக்கெடுக்கிறேல்லை, பெரிய உத்தியோகம்தானே" என்று கோவிலில் வைத்து நாலு பேருக்குச் சொன்னாளாம். பெரிய உத்தியோகம்! ஒரு கம்பனியின் சம்பளக் கணக்குப் பிரிவில் கதிரையில் குந்தியிருப்பவள் நான். கழுத்துத் திரும்பாததற்கு எங்கள் சனம் வைத்த பெயர் தலைக்கனம்.

வீட்டில் நோயைக் கண்டுபிடித்தவர் என் கணவர். அவர் கடை வைத்திருக்கிறார். பால், பேப்பர், சிகரெட், லாட்டரி. மருத்துவம் படித்ததில்லை. அது அவரைத் தடுக்கவும் இல்லை.

"இஞ்சரும், இது வாய்வு. உருளைக்கிழங்கைக் குறையும், பருப்பைக் குறையும். தன்ரை பாட்டிலை போயிடும்."

தீர்ப்பை உறுதி செய்தவர் அவருடைய அக்கா, என் மச்சாள். இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். ஒவ்வொரு ஞாயிறும் மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வருவார். கையில் ஒரு சின்னப் பைகூட இராது. இரண்டு கையையும் வீசிக்கொண்டு, கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, கலியாண வீட்டுக்கு வருவது போல வருவார்.

"வாய்வுதான் பிள்ளை, சந்தேகமே இல்லை. மேலை ஏறிக் கழுத்துக்கை வந்து நிக்குது. உள்ளியைச் சுட்டுச் சாப்பிடும். என்னைப் பாரும், அறுபது தாண்டிட்டுது, ஒரு நோ நொடி இருக்கோ? எல்லாம் சாப்பாட்டிலைதான் இருக்கு."

வயிற்றில் இருக்கிற வாய்வு எந்த லிஃப்டில் ஏறிக் கழுத்துக்கு வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். உள்ளியைச் சுட்டுச் சாப்பிட்டேன். அந்தப் பூண்டு மணத்துக்கு ரயிலில் என் பக்கத்து ஆசனம் காலியாகவே இருந்தது. அதைத் தவிர வேறு பலன் இல்லை. பிறகு மற்றவர்கள் வந்தார்கள். ஒருத்தி நல்லெண்ணெயைச் சூடாக்கித் தேய்க்கச் சொன்னாள். இன்னொருத்தி தலையணை இல்லாமல் படுக்கச் சொன்னாள். அவளுடைய தங்கச்சி இரண்டு தலையணை வைத்துப் படுக்கச் சொன்னாள். யாரோ கண் போட்டுவிட்டார்கள் என்று ஒருவர் நூல் மந்திரித்துக் கொண்டுவந்து தந்தார். என் கழுத்தில் கண் போட என்ன இருக்கிறது, சொல்லுங்கள்! அது ஒழுங்காக நிற்கக்கூட இல்லை.

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். போக முடியாமல் பண்ணியது என் வேலை. எங்கள் அலுவலகத்தை எசெக்ஸ் பக்கம் ஒரு புது வளாகத்துக்கு மாற்றப் போவதாக அறிவித்தார்கள். அந்த இடத்துக்கு ரயில் இல்லை. பஸ் இருக்கிறது, தனக்கு நினைத்த நேரம் வரும். கார் ஓடத் தெரிந்தவர்களுக்கு வேலை இருக்கும். தெரியாதவர்களுக்கு ஒரு பூங்கொத்தும் ஒரு கேக்கும் தந்து, கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள். எனக்குக் கார் ஓடத் தெரியாது.

அந்தக் கதிரைக்கு நான் எப்படி வந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். குரோய்டனில் அந்தப் பெரிய கட்டடத்தின் வாசலில் விசாவுக்காகக் குளிரில் வரிசையில் நின்றவள். விடியமுதல் எழும்பி மற்றவர்களுடைய அலுவலகங்களைத் துப்புரவு செய்தவள். பின்னேரங்களில் கணக்கியல் வகுப்புக்குப் போய், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பாடம் படித்தவள். துடைத்த மேசைகளில் ஒன்று கடைசியில் எனக்குச் சொந்தமானது. அதை ஒரு கழுத்துக்காக விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

என் கணவருக்கு அது விளங்கவே இல்லை.

"விடும் வேலையை. இனி என்ன வேலை உமக்கு? கடையிலை வந்து நில்லும். இல்லையெண்டால் நான் காரிலை கொண்டே விடுறன்."

கொண்டே விடுவாராம்! பிள்ளை பெறுவதற்கே நான் டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனவள். அவர் அப்போது கடையில் பேப்பர் அடுக்கிக்கொண்டிருந்தார்.

ஐம்பது தாண்டிய வயதில் எல் போர்ட் கட்டிய காரில் ஏறினேன். பழக்கியவர் பொறுமையான மனிதர். கியர், பிரேக், ரவுண்டபவுட் எல்லாம் வந்துவிட்டது. வராதது ஒன்றுதான். தெருவோரம் நிற்கிற காரை எடுக்கும்போது, கண்ணாடியில் தெரியாத அந்த வலது மூலையைத் தலையைத் திருப்பித் தோளுக்கு மேலால் பார்க்க வேண்டும். "தலையைத் திருப்புங்கள், தலையைத் திருப்புங்கள்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் கண்ணை மட்டும் ஓரத்துக்குத் தள்ளிச் சமாளித்தேன்.

டெஸ்ட் அன்று அந்த மூலையில் ஒரு சைக்கிள்காரன் வந்துகொண்டிருந்தான். நான் காணவில்லை. என்னைப் பரீட்சிக்க வந்த அதிகாரி ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பினார். சைக்கிள்காரன் என் ஜன்னலைத் தட்டி, என்னையும் என் கண்ணையும் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அரை மணி நேரம் நான் எவ்வளவு அழகாக ஓடினேன் என்பது ஒருவருக்கும் தேவைப்படவில்லை. பெயில்.

அந்த ஞாயிறு, என் வீட்டுக் கோழிக்கறியைப் பிசைந்தபடி மச்சாள் சொன்னார்: "நான் அப்பவே நினைச்சனான். வாய்வோடை கார் ஓடேலாது பிள்ளை."

இரண்டாவது டெஸ்டுக்குத் திகதி எடுத்தேன். அலுவலகம் மாறுவதற்குள் அது ஒன்றுதான் கிடைத்தது. தவறினால் பூங்கொத்துத்தான். டொக்டரிடம் போய், விடாப்பிடியாகக் கேட்டு, மாதக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் பிசியோதெரபிக்கு முறை வந்தது.

பிசியோதெரபிஸ்ட் கோயம்புத்தூர்ப் பெண். என் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவளாக இருப்பாள். என்னை ஒரு ஸ்டூலில் இருத்தி, பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துக் காட்டினாள். கடைக் கண்ணாடிக்குள் எட்டிப் பார்ப்பவள் போலத் தலையை முன்னால் நீட்டிக்கொண்டு ஒரு கிழவி இருந்தாள். அது நான்தான்.

"பாத்தீங்களாம்மா? காது தோளுக்கு நேரா வரணும். உங்களுக்கு எவ்ளோ முன்னாடி வந்திருக்கு பாருங்க. பின்னாடி இருக்கற தசை நாள் பூரா தலையைத் தாங்கிப் புடிச்சிட்டே இருக்கு. கழுத்துல முன்பக்கம் உள்ள இருக்கறது வேலையே செய்யறதில்ல. தூங்குது."

எங்கள் குடும்பம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

"நெஞ்சுப் பக்கம் இறுகிப் போச்சு, முதுகுப் பக்கம் தளந்து போச்சு. ஆனா ரெண்டு தோளும் ஒரே மாதிரி இல்லைங்களே. வலது தோள் இவ்ளோ மேல நிக்குது. போனைத் தோள்ல இடுக்கிட்டுப் பேசுவீங்களா?"

"சமைக்கேக்கை கதைக்கிறனான்."

"சரி. பை எந்தத் தோள்ல போடுவீங்க?" என்று கேட்டபடி, பக்கத்துக் கதிரையில் இருந்த என் கைப்பையை ஒரு கையால் எடுக்கப் போனாள். பை எழும்பவில்லை. இரண்டு கையாலும் தூக்கினாள்.

"ஐயோ, என்னம்மா இது! உள்ள கல்லா வச்சிருக்கீங்க?"

"சாப்பாடு," என்றேன்.

"தெனமும் இவ்ளோ சாப்பாடா?"

"ஓம். எனக்குப் பசி கூட."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். நான் என்ன சொல்வது? உள்ளே எங்கள் வீட்டு நகை முழுவதும் இருக்கிறது, தங்கச்சி, அதுவும் ஒரு இரும்புப் பெட்டிக்குள் பூட்டுப் போட்டு இருக்கிறது என்றா?

அதுதான் உண்மை. எங்கள் தெருவில் தமிழருடைய வீடொன்றும் குஜராத்திக்காரருடைய வீடொன்றும் அடுத்தடுத்து உடைக்கப்பட்டன. இரண்டு வீட்டிலும் டிவியைத் தொடவில்லை, கம்ப்யூட்டரைத் தொடவில்லை. நேரே சமையலறைக்குப் போய் அரிசி வாளியைக் கவிழ்த்திருக்கிறார்கள், மாத் தகரத்தைக் கவிழ்த்திருக்கிறார்கள், பிறகு சாமிப் படத்துக்குப் பின்னால் கையை விட்டிருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் தங்கத்தை எங்கே ஒளிப்பார்கள் என்று எங்களைவிட அந்தக் கள்ளருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அன்றைக்கே என் கணவருக்கு ஞானம் பிறந்தது. ரயிலில் வேலைக்குப் போகிற ஒரு பொம்பிளையின் பைக்குள் இவ்வளவும் இருக்கும் என்று எந்தக் கள்ளன் நினைப்பான்? ஆகவே தங்கம் என்னோடு வேலைக்கு வரத் தொடங்கியது. பையைச் சவர பிளேடால் கிழித்து எடுத்துவிடுவார்கள் என்று அடுத்த பயம் வந்தது. அதற்குத்தான் இரும்புப் பெட்டி. பெட்டியின் சாவி அவரிடம். பாரம் என்னிடம்.

கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் எங்கள் ஆட்களில் எத்தனை பெண்கள் இப்படித் திரிகிறார்கள் என்று எனக்குத் தெரியும். கலியாண மண்டபத்தில் ஒருத்தி தன் பையை மடியை விட்டு இறக்காமல் ஒரு கையால் சாப்பிடுகிறாள் என்றால், உள்ளே வெறும் லிப்ஸ்டிக் இல்லை.

அந்தப் பையோடு நான் பட்ட பாடு! ரயிலில் இடம் கிடைக்காவிட்டால் அதை வலது தோளில் மாட்டி, கக்கத்தில் இறுக்கி, தோளைத் தூக்கிப் பிடித்தபடி நிற்பேன். அலுவலகத்தில் வலது பக்கத்தில் நிலத்தில் வைத்து, பட்டியைக் காலில் சுற்றிக்கொள்வேன். திரை இடது பக்கம், கால் வலது பக்கம், நான் நடுவில் முறுகிப் போய். கழிப்பறைக்கும் அது வரும். கூட வேலை செய்கிறவர்கள் நான் வீட்டுச் சாப்பாட்டின் மேல் உயிரையே வைத்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

"மொதல்ல அந்தப் பையைக் குறைங்கம்மா," என்றாள் கோயம்புத்தூர்ப் பெண். "இல்லேன்னா நான் சொல்லித் தர்றதெல்லாம் வீண்."

சொல்லித் தந்தாள். சுவரோடு முதுகை ஒட்டி நின்று, நாடியை, அதாவது மோவாயை, கீழே சாய்க்காமல் நேரே பின்னுக்கு இழுப்பது. கதவு நிலையில் இரண்டு கையையும் வைத்து நெஞ்சை முன்னுக்குத் தள்ளி இறுக்கத்தைத் தளர்த்துவது. ஒரு ரப்பர் பட்டியை இழுத்துத் தோள்பட்டைகளைப் பின்னால் சேர்ப்பது. திரையைக் கண் மட்டத்துக்கு உயர்த்துவது. எழும்பி நடப்பது. ஒன்றும் பெரிய வித்தை இல்லை. தூங்குகிற தசையை எழுப்பி, உழைக்கிற தசைக்கு லீவு கொடுப்பதுதான். 'ஆமா, இன்னும் கொஞ்சம், ஆமா' என்று அவள் சொல்லச் சொல்ல நான் நாடியை இழுத்தேன். வாய்வு என்ற சொல்லை அவள் ஒரு தரமும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். வங்கிகள் இப்போது பெட்டகம் தருவதில்லை, ஆனால் வாடகைக்கு லொக்கர் தருகிற இடங்கள் இருக்கின்றன, ஒன்று எடுப்போம் என்றேன்.

"லொக்கரோ? ஆரோ ஒருத்தன்ரை பெட்டிக்கை எங்கடை நகையை வைக்கிறதோ? அவன் பூட்டிப்போட்டு ஓடினான் எண்டால்?"

"அப்ப நீங்கள் கொண்டு போங்கோவன்."

"விசர்க் கதை கதையாதையும். நான் கடையிலை நிக்கிறவன். கடைக்குக் கள்ளர் வருவங்கள் தெரியுமோ?"

வீட்டுக்கும் கள்ளர் வருவார்கள், கடைக்கும் கள்ளர் வருவார்கள். ரயிலில் மட்டும் முழுக்க மகான்கள் ஏறுகிறார்கள் போல.

"அந்தப் பிள்ளை பாரம் எண்டு சொல்லுறாள். பாரத்தாலைதான் கழுத்து..."

"பாரமும் இல்லை ஒண்டும் இல்லை. கையளவு நகை. இது வாய்வு. அவளுக்கு என்ன தெரியும்?"

கையளவு நகை என்று அவர் சொன்னதை நான் நம்பினேன். என்னுடையது எவ்வளவு என்று எனக்குத் தெரியும்தானே. இவ்வளவும் இரும்புப் பெட்டியின் பாரம்தான், வயது போகப் போக எனக்குத்தான் பலம் குறைகிறது என்று நினைத்தேன். சண்டை பிடிக்கத் தெம்பில்லை. அடுத்த நாளும் பையை மாட்டிக்கொண்டு போனேன்.

ஆனால் பயிற்சியை விடவில்லை. காலையும் மாலையும் சுவரோடு நிற்பேன். "என்ன, சுவரோடை கதைக்கிறீரோ?" என்று கேட்டுவிட்டு அவர் போவார். ஞாயிற்றுக்கிழமை மச்சாள் வந்து சோபாவில் இருந்து பார்த்துச் சிரித்தார். "எங்களுக்கு இந்தக் கூத்தெல்லாம் தேவைப்படேல்லை பிள்ளை," என்றார். அலுவலகத்தில் போட்டோகொப்பிப் பேப்பர் கட்டுகளை அடுக்கித் திரையை உயர்த்தினேன். கொஞ்சம் கொஞ்சமாகப் பலன் தெரிந்தது. காலையில் எழும்பும்போது கழுத்து முன்பைவிடத் திரும்பும். எனக்கே ஆச்சரியமாக இருக்கும். அந்த ஆச்சரியம் ரயில் வரைக்கும்தான். மாலையில் வீடு திரும்பும்போது பழைய கம்பி பழைய இடத்தில் இழுத்துக்கொண்டு நிற்கும். காலையில் கட்டுவதை அந்தப் பை பகலில் இடித்துக்கொண்டிருந்தது. டெஸ்ட் நெருங்கிக்கொண்டிருந்தது.

அதற்கு மூன்று கிழமைக்கு முதல் ஒரு கலியாணம் வந்தது. வெகுகாலமாக எங்களுக்கு நகை போடுகிற மாதிரி ஒரு அழைப்பும் இருக்கவில்லை. சேலை கட்டி முடித்து, நகை எடுக்கச் சாவி கேட்டேன்.

"பொறும், நான் எடுத்துத் தாறன்," என்றார் அவர் குளியலறையிலிருந்து, சவரம் செய்துகொண்டு. நேரம் போய்க்கொண்டிருந்தது. கட்டிலில் கிடந்த அவருடைய காற்சட்டைப் பையிலிருந்து நானே சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தேன்.

மேலே ஒரு அட்டியல் இருந்தது. சிவப்புக் கல்லும் முத்தும் வைத்த, மார்பை மறைக்கிற அட்டியல். என்னுடையது இல்லை. அதற்குக் கீழே ஒரு சுருக்குப்பை நிறையக் காப்புகள். என்னுடையவை இல்லை. ஒரு பதக்கம் சங்கிலி, ஒட்டியாணம், ஒரு வெள்ளிக் குங்குமச் சிமிழ், ஒரு வெள்ளிச் செம்பு. செம்பு! எல்லாவற்றுக்கும் அடியில், ஒரு மூலையில், என்னுடைய நகை கையளவாகக் கிடந்தது. அவர் பொய் சொல்லவில்லை. என்னுடையது கையளவுதான்.

அந்த அட்டியலை எனக்குத் தெரியும். மச்சாளின் மகளுடைய கலியாணத்தில் மச்சாளின் கழுத்தில் கிடந்தது. அதைப் பற்றி அவர் ஒரு வருடம் கதைத்தவர்.

அட்டியலைத் தூக்கிக்கொண்டு குளியலறைக் கதவடியில் போய் நின்றேன். அவருக்குப் பாதி முகத்தில் நுரை.

"இது ஆற்றை?"

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பிளேடு அப்படியே நின்றது.

"அது... அக்கான்ரை. கனடாவுக்குப் போகேக்கை வீட்டிலை வைக்கப் பயமாக் கிடக்கு எண்டு தந்தவ."

"மச்சாள் கனடாவாலை வந்து ரெண்டு பொங்கல் முடிஞ்சுது."

"ஓம்... பிறகு அவ திருப்பிக் கேக்கேல்லை. உம்மட்டை இருந்தால் பத்திரம்தானே எண்டு அவவும் சொன்னவ."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

பிளேடைக் குழாயில் கழுவினார். பிறகு, ஏதோ பெரிய நியாயம் சொல்வது போல, மெதுவாகச் சொன்னார்.

"சொன்னால் நீர் பாரமெண்டு சொல்லுவீர்."

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம் வந்தது, அப்படி ஒரு ஆத்திரம் அதற்கு முன் வந்ததில்லை. அந்த மனுசி ஞாயிறு தவறாமல் என் மேசையில் இருந்து, என் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டு, தன் ஒட்டியாணமும் செம்பும் என் தோளில் தொங்குகிறது என்று தெரிந்துகொண்டே எனக்கு உள்ளி சுடச் சொன்னார். கை வீசிக்கொண்டு வந்தவர், கை வீசிக்கொண்டு போனவர். அவருக்கு ஏன் நோ நொடி வரப் போகிறது? அவருடைய நோவையும் சேர்த்து நான்தானே சுமந்தேன். இதற்குள் என் வேலையும் சேர்ந்து போகப் பார்த்தது.

கலியாணத்துக்குப் போனேன். என் சங்கிலியைப் போட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டு, வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டு வந்தேன். திங்கட்கிழமை காலை அவர் கடைக்குப் போக வாசலில் சப்பாத்துப் போடும்போது, பையைத் தூக்கி அவர் தோளில் மாட்டினேன்.

"இந்தாங்கோ. உங்கடை அக்காவின்ரை, என்ரை, எல்லாம் இருக்கு. இனி இது உங்களோடை."

"இஞ்சரும், என்ன இது? நான் எப்பிடிக் கடையிலை..."

"ஏலாது எண்டால் இதிலை வைச்சிட்டுப் போங்கோ. கள்ளர் வந்தால் தேநீர் போட்டுக் குடுத்து அனுப்பிறன்."

கோட்டுப் பையில் போனும் பயண அட்டையும் மட்டும் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினேன். தோளில் ஒன்றும் இல்லை. ஆனாலும் வலது தோள் பழக்கத்தில் தூக்கிக்கொண்டே நின்றது. ரயில் நிலையம் வரைக்கும் அதற்குச் சொல்லிச் சொல்லி இறக்கிக்கொண்டு போனேன்.

அவர் பையைக் குறுக்காக மாட்டி, மேலே ஜாக்கெட்டைப் போட்டு மூடிக்கொண்டு கடையில் நின்றார். கழற்றி வைக்கப் பயம். ஆட்கள் இல்லாத நேரத்தில் வழக்கம் போலத் தலையைக் கவிழ்த்துப் போனில் யாழ்ப்பாண அரசியல் பார்த்தார். கிழமை முடிவதற்குள் கழுத்துப் பிடித்துவிட்டது. பிடித்தது என்றால் எப்படி! கட்டிலிலிருந்து எழும்ப மாட்டார், தேநீர்க் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோக மாட்டார். "அய்யோ, கழுத்து, கழுத்து" என்று வீடு முழுக்க ஒரே ஒப்பாரி.

"வாய்வாயிருக்குமோ?" என்று கேட்டேன்.

"வாய்வும் மண்ணும்! இது பாரத்தாலை வந்தது. மனுசர் தூக்கிற பாரமோ இது?"

அந்தக் கிழமையே லொக்கர் எடுத்தார். ஓடிவிடுவான் என்ற ஆள் ஓடவில்லை, நல்ல மனிதர், இரும்புக் கதவெல்லாம் இருக்கிறது என்று எனக்கே வந்து விளக்கம் சொன்னார். என் கழுத்துக்கு இரண்டு வருடம் வாய்வு. அவர் கழுத்துக்கு உடனே லொக்கர்.

அக்காவுடையதையும் அதற்குள்ளேயே வைப்போம் என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். நான் ஒரு துணிப்பையில் அட்டியலையும் ஒட்டியாணத்தையும் செம்பையும் கட்டி, நானே கொண்டுபோய் மச்சாளின் கையில் கொடுத்தேன்.

"லொக்கர் சின்னன் மச்சாள். உங்கடை உங்களிட்டை இருந்தால்தான் பத்திரம்."

மச்சாளின் முகத்தில் இரத்தமே இல்லை. "வீட்டிலை எப்பிடிப் பிள்ளை வைக்கிறது?" என்றார். அது எனக்குத் தெரியாது என்றேன்.

டெஸ்ட் நாள் வந்தது. பரீட்சை அதிகாரி தெருவோரம் நிறுத்தச் சொன்னார், நிறுத்தினேன். எடுக்கச் சொன்னார். சிக்னல் போட்டேன். நாடியை உள்ளே இழுத்து, தோளை இறக்கி, தலையைத் திருப்பினேன். திரும்பியது. கொஞ்சம் உறுத்தியது, ஆனாலும் திரும்பியது. அந்த மூலையில் ஒரு சைக்கிள். அவனைப் போகவிட்டு, இன்னொரு தரமும் பார்த்துவிட்டுக் காரை எடுத்தேன். பாஸ் என்று அவர் சொன்னபோது, பாவம், அந்த வெள்ளைக்காரனின் கையைப் பிடித்துக்கொண்டு நான் அழுதுவிட்டேன். என் கதிரை எனக்கே என்று தமிழில் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

அடுத்த ஞாயிறு லூயிஷாம் சிவன் கோவிலுக்கு நான்தான் கார் ஓடினேன். பக்கத்தில் என் கணவர், கழுத்தைச் சூடாக்குகிற பையைச் சுற்றிக்கொண்டு, "பாத்து, பாத்து" என்றபடி. மச்சாளை அவருடைய வீட்டு வாசலில் ஏற்றினோம். இந்த முறை கையை வீசிக்கொண்டு வரவில்லை. வலது தோளில் ஒரு பெரிய புதுக் கைப்பை. தோள் காதைத் தொடுகிற மாதிரித் தூக்கி நின்றது. எனக்கு நேர் பின்னால் ஏறி இருந்து, பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை, எனக்குக் கொஞ்ச நாளாக் கழுத்து ஒரு பக்கம் இழுக்குது," என்றார். "திருப்பவே ஏலாமல் கிடக்கு."

நான் சிக்னலைப் போட்டேன். தலையை நன்றாகத் திருப்பி, தோளுக்கு மேலால், கண்ணாடியில் தெரியாத அந்த மூலையை ஆறுதலாகப் பார்த்தேன். அங்கே மச்சாளின் முகம் இருந்தது.

"வாய்வு மச்சாள்," என்றேன். "உள்ளியைச் சுட்டுச் சாப்பிடுங்கோ."

பிறகு காரை எடுத்தேன்.